விவாகரத்து வழக்கும் குடும்ப நல நீதிமன்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் விவாகரத்து வழக்கு போட நினைப்பவர்களும், எதிர்பாராமல் சம்மன் கைக்கு வந்தவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலான பதில்கள் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தை ஒட்டியவை. மற்றவர்களுக்கு மாறும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம். வழக்குகள் இழுபடுவதற்குச் சட்டத்தைவிடக் காகிதம்தான் பெரும்பாலும் காரணம்: தவறான முகவரி, தேதி இல்லாத குற்றச்சாட்டு, வேறு நீதிமன்றத்தில் கேட்க வேண்டியதை இங்கே கேட்பது. அப்படிப்பட்ட இடங்களில் பதில் சற்று நீளும்.

எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்கு போட வேண்டும்?

கல்யாணம் நடந்த ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த் தரப்பு இப்போது குடியிருக்கும் ஊர் ஆகிய மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். மனுப் போடுபவர் மனைவியாக இருந்தால், அவர் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். 2003-இல் வந்த திருத்தம் இது. கணவருக்கு அந்தச் சலுகை இல்லை. எதிர்த் தரப்பு வெளிநாட்டில் இருந்தாலோ, 7 ஆண்டுகளாக உயிரோடு இருக்கும் தகவலே இல்லை என்றாலோ மட்டும்தான் தன் ஊரில் போட முடியும்.

குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் ஊரில் மனு அங்கே போகும். சென்னையில் அவை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இயங்குகின்றன. அப்படி நீதிமன்றம் இல்லாத ஊர்களில் விவாகரத்து மனு சார்பு நீதிமன்றத்துக்கும், குழந்தை காப்பாளர் மனு மாவட்ட நீதிமன்றத்துக்கும், மாதாந்திர ஜீவனாம்ச மனு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும் போகும். வழக்கு எண்ணில் எச்.எம்.ஓ.பி. என்றிருந்தால் இந்து திருமணச் சட்ட மனு, எம்.சி. என்றிருந்தால் ஜீவனாம்ச வழக்கு, ஐ.ஏ. என்றால் நடுவில் போடும் இடைக்கால மனு. சென்னையில் விவாகரத்து மனுவை ஓ.பி. என்றே எண்ணிடுவார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டோம். நோட்டரியும் செய்தாயிற்று. அது போதாதா?

போதாது. 20 ரூபாய் பத்திரமோ 100 ரூபாய் பத்திரமோ, யார் முத்திரை குத்தினாலும் கல்யாணம் சட்டப்படி அப்படியே இருக்கிறது. உங்கள் சமூகத்தில் அத்துவிடும் (கல்யாணத்தை முறித்துவிடும்) வழக்கம் தொன்றுதொட்டு இருந்தால் அதைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வழக்கம் நீண்ட காலமாக இடைவிடாமல் இருந்து வருகிறது என்று நீதிமன்றத்தில் சாட்சி வைத்து நிரூபிக்கும் சுமை அதைச் சொல்பவர் தலையில் விழும். அது லேசில் நடப்பதில்லை. இந்தக் காகிதத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டவர்கள் மேல் இருதார மணப் புகார் வருகிறது. இரண்டாவது மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகிறது. எத்தனை ஆண்டு பிரிந்திருந்தாலும் கல்யாணம் தானாக முறிவதும் இல்லை.

கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. வழக்குப் போட முடியுமா?

முடியும். தமிழ்நாட்டில் 2009 நவம்பரிலிருந்து எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்தாக வேண்டும். கெடு 90 நாள். கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். பதிவு இல்லை என்பதால் கல்யாணம் செல்லாமல் போகாது. பத்திரிகை, போட்டோ, மண்டப ரசீது, அங்கே இருந்த ஒருவரின் சாட்சியம் ஆகியவற்றால் நிரூபிக்கலாம். புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ நடந்த சுயமரியாதைத் திருமணமும் 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி முழுச் செல்லுபடியானது.

கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது.

ஓர் ஆண்டு முடியாமல் விவாகரத்து மனுவை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. தாங்க முடியாத துன்பம், அல்லது எதிர்த் தரப்பின் மிக மோசமான நடத்தை என்று காட்டி முன் அனுமதி கேட்டு மனுப் போடலாம்; அரிதாகத்தான் கிடைக்கும். ஆனால் ஏமாற்றிக் கல்யாணம் செய்து வைத்தார்கள், தாம்பத்தியத்துக்குத் தகுதியே இல்லை என்பன போன்ற காரணங்களுக்கு 'திருமணத்தை ரத்து செய்' என்று 12-ஆம் பிரிவில் கேட்பது வேறு வகை. அதற்கு இந்த ஓராண்டுத் தடை இல்லை. மோசடிக் காரணமாக இருந்தால், உண்மை தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு வந்தாக வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்தக் காரணம் எடுபடாது. பேசிப் பார்ப்போம் என்று பெரியவர்கள் இழுத்த இழுப்பில் இந்தக் கெடுவைத் தவறவிடுபவர்கள் நிறைய.

இருவருக்கும் சம்மதம். எத்தனை நாளில் முடியும்?

13-பி பிரிவின்படி மனுப் போடும் நாளில் நீங்கள் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். 'பிரிந்து' என்றால் வேறு வேறு வீடு என்று பொருளில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லிவிட்டது. மனுப் போட்ட பிறகு 6 மாதம் காத்திருக்க வேண்டும். அதன்பின், மனுப் போட்ட நாளிலிருந்து 18 மாதம் முடிவதற்குள், இருவரும் மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும்.

அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். 2017-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி திறந்தது. முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டுப் பிரிவு முடிந்திருக்க வேண்டும், சமரச முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை, மற்ற வழக்குகள் எல்லாம் உண்மையாகவே பேசித் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். முதல் மனுப் போட்டு ஒரு வாரம் கழித்து, காரணங்களைச் சொல்லித் தனியாக ஓர் ஐ.ஏ. போட வேண்டும். பிரிந்த தேதியை முதல் மனுவில் மழுப்பலாக எழுதியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். '2022-இன் இறுதியில் பிரிந்தோம்' என்று எழுதினால் நீதிபதி எந்த நாளிலிருந்து 18 மாதம் கணக்கிடுவார்?

சம்மத மனுவில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

தொகையை எழுதினால் மட்டும் போதாது. எப்போது, எப்படி என்பதையும் எழுதுங்கள். 'நிரந்தர ஜீவனாம்சமாக 12 லட்சம் தருவார்' என்ற வரி சண்டைக்கு வித்து. '4 லட்சம் முதல் மனு நாளில், 8 லட்சம் தீர்ப்பு நாளில், இரண்டும் மனைவி பெயரில் டிடியாக, டிடி எண் நீதிமன்றப் பதிவில் குறிக்கப்பட வேண்டும்' என்பதில் இரு தரப்புக்கும் பாதுகாப்பு உண்டு. முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்தால் கொடுத்தவருக்கு ஆபத்து, தீர்ப்புக்குப் பிறகு தருவதாகச் சொன்னால் வாங்குபவருக்கு ஆபத்து.

நகை, சீர்ப் பாத்திரம், கல்விச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கைமாற்றி ரசீது எழுதி வாங்கிவிடுங்கள். கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் இருக்கும் வீட்டுக் கடன், நாமினி பெயர் ஆகியவை அடிக்கடி மறந்துபோகிறவை. கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், உங்கள் இருவருக்குள் என்ன ஒப்பந்தம் இருந்தாலும் வங்கி இருவரையும்தான் கேட்கும்.

இன்னொன்று. வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால், 'வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்' என்று மனைவி எழுதிக் கொடுப்பதால் மட்டும் அது முடியாது. தமிழ்நாட்டில் அது நீங்களே சமரசம் செய்துகொள்ளக் கூடிய குற்றமல்ல. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போட்டு, மனைவி அங்கே சம்மதம் தெரிவிக்க வேண்டும். அந்த மனுவுக்கு ஒத்துழைப்பதையும் எந்தத் தவணைப் பணம் அதோடு சேர்ந்தது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வையுங்கள்.

நடுவில் ஒருவர் மனம் மாறினால்?

தீர்ப்பு வரும் வரை சம்மதம் நீடிக்க வேண்டும். ஒருவர் வர மறுத்தாலோ சம்மதத்தை விலக்கிக்கொண்டாலோ மனு தள்ளுபடியாகும். மற்றவர் காரணம் காட்டிப் புது வழக்குதான் போட வேண்டும். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு பின்வாங்கினால் நீதிமன்றங்கள் அதை எளிதாக விடுவதில்லை. டிடி எண்ணைப் பதிவில் ஏற்றச் சொன்னது இதற்காகவும்தான்.

எனக்கு மட்டும்தான் விவாகரத்து வேண்டும். என்ன காரணம் சொல்லலாம்?

நடைமுறையில் பெரும்பாலான வழக்குகள் இரண்டு காரணங்களில் நிற்கின்றன: கொடுமை, கைவிட்டுச் செல்லுதல். பிறன்மனை உறவு, மதமாற்றம், கடுமையான மனநோய், துறவு, 7 ஆண்டு தகவலின்மை போன்றவையும் உண்டு. பிறன்மனை உறவு 2018-க்குப் பிறகு குற்றமல்ல. விவாகரத்துக் காரணமாக இன்றும் செல்லும். 'இனி ஒட்டவே ஒட்டாது' என்பது மட்டும் குடும்ப நல நீதிமன்றத்தில் காரணமாகாது. அந்த அடிப்படையில் விவாகரத்து தரும் அதிகாரம் அரசமைப்பின் 142-ஆவது கூறின்படி உச்ச நீதிமன்றத்திடம்தான் இருக்கிறது. 2023-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. அதைப் படித்துவிட்டு இங்கே வந்து கேட்பவர்களுக்கு ஏமாற்றம்தான்.

கைவிட்டுச் செல்லுதல் என்றால், மனுப் போடும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுகள் இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். ஒரு வாரம் குறைந்தாலும் மனு விழும். வீட்டை விட்டுப் போனவர்தான் கைவிட்டவர் என்றும் இல்லை. அடித்துத் துரத்தப்பட்டவர் போனால், துரத்தியவரே கைவிட்டவர்.

கொடுமையில் மனுவின் எழுத்துதான் வழக்கு. இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

'எதிர்மனுதாரர் மனுதாரரை உடலளவிலும் மனதளவிலும் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாக்கினார்.'

'2023 மாட்டுப் பொங்கல் அன்று இரவு 9 மணி அளவில், வேலூர் வாடகை வீட்டில், மாமியார் முன்னிலையில், எதிர்மனுதாரர் தோசைக்கரண்டியால் மனுதாரரின் இடது முன்கையில் அடித்தார். மறுநாள் காலை அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற புறநோயாளிச் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது.'

முதல் வரி ஆயிரம் மனுக்களில் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் அதற்கு ஆயுள் ஐந்து நிமிடம்கூட இல்லை. இரண்டாவதைப் போல ஐந்தாறு நிகழ்ச்சி இருந்தால் போதும், முப்பது வேண்டாம். மனுவில் சொல்லாத ஒன்றைச் சாட்சிக் கூண்டில் புதிதாகச் சொன்னால் அது எடுபடாது. நிரூபிக்க முடியாத நடத்தைப் பழியை எழுதாதீர்கள். ஆதாரமில்லாமல் துணையின் ஒழுக்கத்தைக் குறை சொல்வதே கொடுமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; உங்கள் மனுவே எதிர்த் தரப்புக்கு ஆதாரமாகிவிடும்.

சம்மனை வாங்கவே மாட்டேன் என்கிறார். வழக்கு நின்றுபோகுமா?

நின்றுபோகாது, தள்ளிப்போகும். சம்மன் தபால் 'வாங்க மறுத்தார்' என்று திரும்பி வந்தால், அதைச் சேர்ப்பித்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். 'கதவு பூட்டியிருக்கிறது', 'குடிபெயர்ந்துவிட்டார்' என்று வந்தால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. புது முகவரி தர வேண்டும், அல்லது வீட்டுக் கதவில் ஒட்டவும் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்கவும் அனுமதி கேட்க வேண்டும். இதிலேயே பல வாய்தா போய்விடும். அதனால் மனுவிலேயே வீடு, அலுவலகம் இரண்டு முகவரியும் கொடுங்கள். அவர் வேறிடத்தில் இருப்பது தெரிந்தும் பழைய முகவரி கொடுத்து ஒருதலைத் தீர்ப்பு வாங்குவது கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். பிறகு அவர் வந்து அதை உடைத்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. நான் விவாகரத்துக்கு ஒப்பவில்லை, போகாமல் இருந்துவிடலாமா?

அதைப் போல ஆபத்து வேறில்லை. போகாவிட்டால் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அவர் சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வரும். குறித்த தேதியில் காலை 10.30-க்கு முன் அந்த கோர்ட் ஹாலுக்குப் போய், பெயர் கூப்பிடும்போது எழுந்து நில்லுங்கள். மனு நகல் வந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். வக்கீல் வைத்திருந்தால் வக்காலத்து (உங்களுக்காக வாதாட அவருக்கு நீங்கள் தரும் அதிகாரப் பத்திரம்) தாக்கல் ஆகும். மனுவுக்கு உங்கள் பதிலான எதிர்வுரையைப் போடச் சட்டப்படி 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை.

ஏற்கெனவே ஒருதலைத் தீர்ப்பு வந்திருந்தால், 30 நாளுக்குள் அதை நீக்கக் கேட்டு மனுப் போட வேண்டும். சம்மன் முறையாக வரவே இல்லை என்றால் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து 30 நாள். பிந்திவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவும் சேர்த்து. மனுதாரரே வராமல் போனால் வழக்கு தள்ளுபடியாகும். மீட்கவும் அதே 30 நாள்தான். வழக்கு நிலவரத்தை, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பார்க்கலாம். வக்கீல் தேதி சொல்வார் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கவுன்சிலிங்குக்குப் போயே ஆக வேண்டுமா? அங்கே சொல்வதை எழுதி வைத்துக்கொள்வார்களா?

1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று நீதிபதிக்கே கடமை வைத்திருக்கிறது. அதனால் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் தொடங்கிய சமரச மையம் நாட்டுக்கே முன்னோடி. அங்கே பேசியது சாட்சியமாகாது. சமரசம் ஆனதா இல்லையா என்பதுதான் நீதிமன்றத்துக்குப் போகும். சேர்த்து வைப்பது மட்டும்தான் சமரசம் என்று நினைத்துப் பலர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தொகை, குழந்தையைப் பார்க்கும் நாள், சண்டையில்லாமல் பிரிவது எல்லாமே அங்கே பேசக் கூடியவை. சாட்சி விசாரணையில் ஆண்டுக்கணக்கில் போராடுவதைவிட அந்த அறையில் நாலு மணி நேரம் பேசுவது மேல். அடி உதைக்குப் பயந்து வந்தவராக இருந்தால், தனித்தனியே பேச வையுங்கள் என்று கேட்க உரிமை உண்டு.

ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும்? சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு என்கிறார்களே?

2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமான தொகை என்று சொன்னது அப்படியே ஊரெங்கும் பரவிவிட்டது. அது சட்டத்தில் எழுதிய விகிதமல்ல. வருமானம், கடன், பெற்றோர் பொறுப்பு, குழந்தைகள், மனைவியின் சம்பளம், இருவரும் பழகிய வாழ்க்கைத் தரம் எல்லாம் பார்ப்பார்கள்.

வழிகள் பல. விவாகரத்து வழக்கு நடக்கும்போது இடைக்காலமாகக் கேட்பது இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. வழக்குச் செலவும் சேர்த்துக் கேட்கலாம், கணவரும் கேட்கலாம். தீர்ப்போடு நிரந்தரமாகக் கேட்பது 25. விவாகரத்தே கேட்காமல் மாதத் தொகை கேட்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. மனைவி, குழந்தை, பெற்றோர் மட்டும் இதில் கேட்க முடியும், எந்த மதத்தவரும் கேட்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்திலும் கேட்கலாம். ஒன்றில் வாங்குவதை மற்றொன்றில் மறைக்கக் கூடாது, அது கழிக்கப்படும்.

2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். எதிர்த் தரப்புக்கு அதற்கு 4 வாரம். தொகை, மனுப் போட்ட நாளிலிருந்து கணக்காகும். எத்தனை வாய்தா போனாலும் அந்தப் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது என்பதால், இழுத்தடிப்பதில் கணவருக்கு லாபமில்லை.

வாக்குமூலத்தில் 'சொந்தத் தொழில், மாதம் 15,000' என்று எழுதும் கணவர்களும், சம்பளக் கணக்கையே காட்டாத மனைவிகளும் குறுக்கு விசாரணையில் கார் தவணை, பள்ளிக் கட்டணம், யூபிஐ விவரம் வந்ததும் திணறுகிறார்கள். எதிர்த் தரப்பின் முதலாளியிடமிருந்தோ வங்கியிடமிருந்தோ ஆவணம் வரவழைக்க நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

உத்தரவு வந்தும் கட்டவில்லையென்றால் நிறைவேற்ற மனுப் போடுங்கள். சம்பளப் பிடித்தம், ஜப்தி, சிறை வரை போகும். 144-ஆம் பிரிவு உத்தரவில் ஒவ்வொரு மாதப் பாக்கியையும் அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும். மூன்று ஆண்டுப் பாக்கியைச் சேர்த்துக் கேட்கலாம் என்று காத்திருந்தால் பழைய பாக்கிக்கு வாரண்ட் வழி அடைபட்டுவிடும்.

நகையும் சீரும் அவர்கள் வீட்டில் இருக்கின்றன.

மனைவிக்கு என்று கொடுத்தவை அவருடைய சொத்து. கணவர் வீட்டார் வெறும் பாதுகாப்பாளர்கள். திருப்பித் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம்கூட ஆகலாம். '80 பவுன்' என்று மொத்தமாக எழுதாமல், நெக்லஸ் எத்தனை கிராம், வளையல் எத்தனை, வாங்கிய கடையின் ரசீது, அதை அணிந்திருக்கும் கல்யாணப் போட்டோ என்று பட்டியல் போடுங்கள். ரசீது அம்மா பெயரில் இருந்தாலும் பயன்படும். லாக்கர் யார் பெயரில், கடைசியாக எப்போது திறந்தது என்ற வங்கிப் பதிவேடு பல வழக்குகளின் போக்கை மாற்றியிருக்கிறது.

குழந்தை யாரிடம் இருக்கும்?

5 வயதுக்குக் குறைந்த குழந்தை சாதாரணமாகத் தாயிடம் என்று இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டு இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் குழந்தையின் நலன் ஒன்றே அளவுகோல். யார் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பதல்ல. சற்று வளர்ந்த குழந்தையிடம் நீதிபதி தனியாகப் பேசுவார். குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். பெரியவர்கள் பேசும் வார்த்தைகள் அந்த வாயிலிருந்து வந்தால் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும்.

மனுவைக் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில் போட வேண்டும். காவல் கிடைக்காதவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு: தொடக்கத்தில் நீதிமன்ற வளாகத்திலேயே சில மணி நேரம், பிறகு வார இறுதி, பள்ளி விடுமுறையில் பாதி என்று விரியும். 'பண்டிகைக் காலத்தில்' என்று உத்தரவு வாங்காமல், தீபாவளியா பொங்கலா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, கூட்டிச் செல்வது யார், எந்த இடத்தில் ஒப்படைப்பது என்று எழுதி வாங்குங்கள். ஜீவனாம்சம் வரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்துவதும் இரண்டுமே தவறு. இரண்டும் தனித்தனி உத்தரவுகள்.

வாட்ஸ்அப் உரையாடலும் போன் பதிவும் செல்லுமா?

ஸ்க்ரீன்ஷாட்டைப் பிரின்ட் எடுத்து இணைத்தால் மட்டும் போதாது. பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்றில் நீங்கள், மற்றொன்றில் ஒரு நிபுணர் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) எழுத வேண்டும். பழைய போனை விற்றுவிடாதீர்கள். துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக அவருடைய போனுக்குள் உளவு செயலி போடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது தனிக் குற்றம்.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் விவாகரத்து சீக்கிரம் கிடைக்குமா?

கிடைக்காது. அது வேறு தண்டவாளம். கொடுமை நடந்திருந்தால் புகார் கொடுங்கள், அதற்கான ரசீதையும் வாங்குங்கள். பேரம் பேசக் கொடுக்கும் புகார் பிறகு உங்கள் மேலேயே திரும்பும். உடனே பாதுகாப்போ தங்க இடமோ வேண்டுமானால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம்தான் சரியான வழி. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம், 181 என்ற எண்ணில் அழைக்கலாம். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே சேர்ந்து குடியிருந்த மனைவியை அவர்கள் விருப்பத்துக்குத் தெருவில் தள்ள முடியாது.

அவர் கோயம்புத்தூரில் வழக்குப் போட்டிருக்கிறார். நான் குழந்தையோடு நாகர்கோவிலில்.

வழக்கை உங்கள் ஊருக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். வேறு மாநிலமென்றால் உச்ச நீதிமன்றம். மனைவியின் சிரமத்தை நீதிமன்றங்கள் பொதுவாகக் கவனத்தில் கொள்கின்றன. குழந்தையின் வயது, பயண தூரம், துணைக்கு ஆள் இல்லாதது, உங்கள் ஊரில் ஏற்கெனவே நடக்கும் ஜீவனாம்ச வழக்கின் எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள்.

கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இதே நடைமுறைதானா?

நீதிமன்றம் அதே, சட்டம் வேறு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். 2001-இல் திருத்தப்பட்டு சம்மத விவாகரத்து வந்தது. சட்ட வாசகத்தில் பிரிவுக் காலம் 2 ஆண்டு. பிறன்மனை உறவைக் காரணமாகச் சொன்னால் அந்த மூன்றாவது நபரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். திருச்சபை தீர்ப்பாயம் திருமணத்தை ரத்து செய்தாலும் சட்டத்தின் கண்ணில் திருமணம் நீடிக்கிறது.

ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2017-இலிருந்து செல்லாது. 2019 முதல் 3 ஆண்டு வரை சிறை. முஸ்லிம் மனைவி 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டத்தின் காரணங்களைச் சொல்லி நீதிமன்றம் வரலாம். குலா (மனைவி தானே முன்வந்து கேட்கும் விவாகரத்து) கேட்பவர்கள் தனியார் ஷரியத் கவுன்சில் சான்றிதழை நம்ப முடியாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு நடைமுறை பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்தைப் போலவே.

கணவர் வெளிநாட்டு நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிவிட்டார்.

இந்து முறைப்படி இங்கே நடந்த கல்யாணத்தை, நமது சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, மனைவி ஒப்புக்கொள்ளாமல் வெளிநாட்டு நீதிமன்றம் முறித்தால் அது இங்கே செல்லாது. 1991-இலிருந்து இதுதான் நிலை. ஆனால் அங்கே நீங்கள் வக்கீல் வைத்து வாதாடியிருந்தால் கதை மாறும். அந்த ஊர் நோட்டீசுக்குப் பதில் போடும் முன்பே இங்கே ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

வக்கீல் இல்லாமல் நடத்தலாமா? செலவு எவ்வளவு?

குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது உரிமையல்ல, அனுமதி. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். சம்மத வழக்கைத் தாமே நடத்துபவர்கள் உண்டு. சண்டை வழக்கில் குறுக்கு விசாரணையைத் தாமே செய்வது உசிதமல்ல. நீதிமன்றக் கட்டணம் சிறு தொகைதான். வக்கீல் கட்டணத்தை மொத்தமாகப் பேசினீர்களா, வாய்தாவுக்கு இவ்வளவா, ஐ.ஏ.க்களுக்குத் தனியா என்பதை முதல் நாளே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தொலைபேசி 15100.

தீர்ப்பு வந்துவிட்டது. எப்போது மறுமணம் செய்யலாம்?

மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, யாரும் மேல்முறையீடு செய்யவில்லை என்று உறுதியான பிறகு. இங்கே ஒரு சிக்கல்: குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. மேல்முறையீடு செய்ய நினைப்பவர் 30 நாளைக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். மறுமணம் செய்ய நினைப்பவர் 90 நாளும், நகல் வாங்க எடுத்த நாட்களையும் சேர்த்துப் பொறுங்கள். சம்மதத் தீர்ப்பின் மேல் மேல்முறையீடு கிடையாது. ஒருதலைத் தீர்ப்பாக இருந்தால் அவசரமே வேண்டாம். அதை நீக்கக் கேட்டு மனு வந்திருக்கிறதா என்று இ-கோர்ட்ஸில் பார்த்துவிட்டு மண்டபம் பிடியுங்கள்.

விவாகரத்துத் தீர்ப்பாணையின் ஒரு நகலை இரு தரப்புக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று 23-ஆம் பிரிவு சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். அதோடு சான்றிட்ட நகல் இரண்டு மூன்று கூடுதலாக எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட், வங்கி, வருங்கால வைப்பு நிதி நாமினி மாற்றம், மறுமணப் பதிவு ஒவ்வொன்றிலும் கேட்பார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே திருத்த மனுப் போட்டுவிடுங்கள். ஆதாரில் ஒரு விதமும் தீர்ப்பாணையில் ஒரு விதமும் இருந்தால் பத்தாண்டு கழித்து, வழக்குக் கட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போன பிறகு, அதைத் திருத்துவது பெரும்பாடு.